ஸ்மார்ட் ஸ்விட்ச் போட்டால் இ.பி. பில் உண்மையிலேயே குறையுமா?

#1 வேளச்சேரி வாசி

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு பெட்ரூம் சொந்த ஃபிளாட், வீட்டில் நாலு பேர். கோடை ரீடிங் 640 யூனிட் வந்திருக்கு. 1.5 டன் ஏசி ஒண்ணு (இன்வெர்ட்டர் இல்லாத பழசு, ராத்திரி மட்டும் ஓடும்), நாலு சாதா ஃபேன், ஃபிரிட்ஜ், 15 லிட்டர் கீசர், டிவி, வாஷிங் மெஷின். கூட வேலை பார்க்கிறவர் வீடு முழுக்க ஸ்மார்ட் ஸ்விட்ச், ஸ்மார்ட் பல்ப் போட்டுட்டு "பில் பாதியாச்சு"ன்னு சொல்றார். எனக்கு வந்த கொட்டேஷன் 38,000 ரூபாய். போடலாமா, இல்ல காசுக்குப் பிடிச்ச கேடா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

#2 மதுரை வயர்மேன்

சார், அந்தக் கொட்டேஷன்ல நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்) இழுக்கிற வேலையும் சேர்ந்திருக்கான்னு முதல்ல கேளுங்க. பழைய கட்டடத்துல ஸ்விட்ச் பாக்ஸுக்குள்ள ஃபேஸும் (கரண்ட் வர்ற வயர்), அங்கிருந்து லைட்டுக்குப் போற ரிட்டர்ன் வயரும்தான் இருக்கும். பெரும்பாலான ஸ்மார்ட் ஸ்விட்சுக்கு நியூட்ரல் வேணும். இல்லன்னா பைப்புல புதுசா வயர் இழுக்கணும், பைப் அடைச்சிருந்தா சுவரைக் கொத்தணும். 38 ஆயிரம்னு ஆரம்பிச்சது அம்பதைத் தாண்டிரும். அது போக, லைட்டை மொபைல்ல அணைச்சாலும் கையால அணைச்சாலும் மீட்டர் ஒரே மாதிரிதான் ஓடும்.

#3 கணக்குப்பிள்ளை

வயர்மேன் அண்ணன் சொன்னதுக்கு மேல கணக்கு ஒன்று. எவ்வளவு யூனிட் குறைக்கிறோம் என்பதைவிட, எந்த இடத்தில் குறைக்கிறோம் என்பதுதான் தமிழ்நாட்டு பில்லில் காசு.

2022 செப்டம்பரில் வந்த விகிதத்தை எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலையில் மறுபடி ஏற்றினார்கள், ஆனால் அமைப்பு மாறவில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால்: முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.25, அடுத்த 200க்கு 4.50, கடைசி 100க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725.

500ஐத் தாண்டினால் அட்டவணையே வேறு. அந்த 2.25 ரூபாய் படி காணாமல் போகும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.50. பிறகு 6, அதன் பிறகு 600 வரை 8, 800 வரை 9, ஆயிரம் வரை 10, அதற்கும் மேலே 11. அதனால் 501 யூனிட் வந்தால் பில் 1,958. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்!

உங்கள் 640க்கு இதே விகிதத்தில் 3,110 ஆகிறது. 490க்குக் கொண்டு வந்தால் 1,665. 150 யூனிட் குறைத்ததற்கு 1,445 ரூபாய் மிச்சம், யூனிட்டுக்கு ஒன்பதரை ரூபாய்க்கு மேல். அதே ஆள் 300லிருந்து 150க்கு இறங்கினால் இதில் பாதிகூட மிச்சமாகாது. ஆகவே உங்களுக்கு வேண்டியது வீடு பூராவும் ஸ்மார்ட் இல்லை. 150 யூனிட் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிக் கொடுக்கும் கருவி.

#4 கோவைக் குசும்பு

யாரோ சொன்ன "பாதி பில்" கதையைக் கொஞ்சம் பிரிச்சுப் பாப்போமுங்க. 9 வாட் எல்ஈடி பல்ப், தினம் அஞ்சு மணி நேரம், 60 நாள்: 2.7 யூனிட். அதை ஸ்மார்ட் பல்பா மாத்தினா, அணைஞ்சிருக்கிற நேரத்துலயும் வைஃபை கேட்டுட்டு உட்கார்ந்திருக்கும். அரை வாட்னு வச்சாலும் மீதி 19 மணி நேரத்துக்கு ரெண்டு மாசத்துல அரை யூனிட்டுக்கு மேல அதுவே தின்னுரும். மிச்சம் பண்ண வந்தவன் வாடகைக்குக் குடியேறின மாதிரி.

ஆனா கலரு கலரா எரியுமுங்க. அதுக்காகப் போடறதுன்னா தாராளமாப் போடுங்க, பில்லைக் காரணம் சொல்லாதீங்க.

#5 நெல்லை அக்கா

ஸ்மார்ட் பல்ப் போட்ட எல்லா வீட்டுலயும் நடக்கிற கூத்து இன்னொண்ணு இருக்கு. தம்பி பல்ப் மாட்டிட்டு போன்ல அழகா செட் பண்ணிட்டுப் போயிருவான். எங்க மாமியார் படுக்கப் போகும்போது சுவர் ஸ்விட்சைப் பட்டுன்னு அணைச்சிருவாங்க. பல்புக்குக் கரண்டே இல்லாதப்ப ஆப்ல என்ன அமுக்கினாலும் "ஆஃப்லைன்"தான். அத்தையை மாத்த முடியாது, பல்பைத்தான் கழட்டினோம்.

ஆனா ஒரு விஷயத்துல நான் ஸ்மார்ட் கட்சி. மோட்டார். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடினா ஏறக்குறைய 1.1 கிலோவாட் இழுக்கும். டேங்க் நிறைஞ்சு மாடியில வழிஞ்சு, பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம் போட்டு, நான் ஓடிப்போய் அணைக்கிறதுக்குள்ள இருபது நிமிஷம் வீணா ஓடியிருக்கும். தினமும் இப்படின்னா ரெண்டு மாசத்துல 22 யூனிட். தண்ணி போனது தனி. லெவல் சென்சார் வச்ச கன்ட்ரோலர் போட்ட பிறகு சம்ப்ல தண்ணி இல்லன்னாலும் அதுவே நின்னுரும். காயில் எரிஞ்சு ரீவைண்டிங் கொடுக்கிற செலவும் இல்ல. இதுக்கு வைஃபை கூட வேண்டாம்.

#6 சும்மா கேட்டேன்

பிளக்ல சொருகினா 30 சதவீதம் கரண்ட் மிச்சம்னு ஒரு குட்டி டப்பா விக்கிறாங்களே, "பவர் சேவர்". பச்சை லைட்டெல்லாம் எரியுது. அது எப்படி?

#7 கணக்குப்பிள்ளை

பச்சை லைட் எரிவதற்கு மட்டும் கரண்ட் செலவாகும். உள்ளே இருப்பது ஒரு சின்ன கபாசிட்டர். பவர் ஃபேக்டரை (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) திருத்துகிறேன் என்பார்கள். வீட்டு மீட்டர் கணக்கிடுவது கிலோவாட்-மணியை, அதாவது நாம் சொல்லும் யூனிட்டை. பவர் ஃபேக்டரைத் திருத்துவதால் அந்த எண் குறையாது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

#8 ஈஎஸ்பி மன்னன்

லேட்டா வந்ததுக்கு ஸாரி. எங்க யூனிட் போகுதுன்னு பார்க்க முதல்ல காசே வேண்டாம். மீட்டர்ல ஒரு சின்ன சிவப்பு லைட் சிமிட்டும் பாருங்க. பக்கத்துலயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல்னு போட்டிருக்கும், 3200ன்னு வைங்க (உங்க மீட்டர்ல வேற எண்ணா இருக்கலாம்). ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை சிமிட்டுதுன்னு எண்ணுங்க. அதை 60ஆல பெருக்கி 3200ஆல வகுத்தா அந்த நேரத்து கிலோவாட் வந்துரும். நிமிஷத்துக்கு 16 சிமிட்டல்னா 0.3 கிலோவாட், அதாவது 300 வாட்.

ராத்திரி 11 மணிக்கு ஏசி, ஃபேன், லைட் எல்லாம் அணைச்சு, ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஓடாத நேரமாப் பார்த்து எண்ணுங்க. சும்மா இருக்கிற வீடு எவ்வளவு குடிக்குதுன்னு தெரியும். எங்க வீட்டுல 70 வாட் வந்துச்சு. 24 மணி நேரமும் 70 வாட்னா ரெண்டு மாசத்துல 100 யூனிட், ஒண்ணுமே செய்யாம! தேடிப் பிடிச்சதுல இன்வெர்ட்டர் பேட்டரி வயசாகி சார்ஜ் ஏறிட்டே இருந்தது பெரிய பங்கு. அடுத்தது செட்டாப் பாக்ஸ். ரிமோட்ல அணைச்ச பிறகும் 11 வாட், வெறும் சிவப்புப் புள்ளிக்கு. ரெண்டு மாசத்துக்கு அதுவே 15 யூனிட் ஆச்சு.

அதுக்கப்புறம் பவர் மீட்டரிங் இருக்கிற 16 ஆம்ப்ஸ் ஸ்மார்ட் பிளக் ஒண்ணே ஒண்ணு வாங்குங்க. ஆயிரம் ரூபாய் சுத்திக் கிடைக்கும். அதை ஒரு வாரம் ஃபிரிட்ஜ்ல, ஒரு வாரம் ஏசில, ஒரு வாரம் டிவி பக்கம்னு மாத்தி மாத்தி வச்சு நோட்ல எழுதுங்க. வீடு முழுக்க வாங்க வேண்டிய அவசியமே இல்ல.

#9 மதுரை வயர்மேன்

தம்பி சொன்னதுல பவர் மீட்டரிங் பிளக் சரி. ஆனா ஏசி, கீசர்ல மாட்டும்போது கவனம். 2 கிலோவாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்ப்ஸ் இழுக்கும், 3 கிலோவாட்னா 13. பத்து ஆம்ப்ஸ்னு போட்டிருக்கிற சின்ன பிளக்கை கீசர்ல சொருகி, பின் கருகி, சாக்கெட்டோட ஒட்டிக்கிட்ட வீட்டைப் போன மாசம்தான் பார்த்தேன். பிளாஸ்டிக் நாத்தம் வந்த உடனே அந்தம்மா மெயினை இறக்கினதால தப்பிச்சாங்க. 16 ஆம்ப்ஸ்னு அட்டைல போட்டிருந்தாலும், சாக்கெட் பழசாகி லூசா இருந்தா அதே கதிதான். பிளக்கைத் தொட்டுப் பாருங்க, சூடு ஏறினா கழட்டிருங்க.

நிரந்தரமா ஓட்டணும்னா ஸ்மார்ட் ஸ்விட்ச் நேரடியா லோடைத் தாங்க வேண்டாம். டிபில (ட்ரிப்பர் ஸ்விட்சுங்க இருக்கிற பெட்டி) ஒரு கான்டாக்டர் (பெரிய லோடைத் தாங்குற மின்காந்த ஸ்விட்ச்) போட்டு, ஸ்மார்ட் ஸ்விட்ச் அந்தக் கான்டாக்டர் காயிலை மட்டும் இயக்கணும். மோட்டாருக்கும் அப்படித்தான். மொத்த வீட்டுக்கும் சேர்த்து அளக்க கிளாம்ப் (வயரைச் சுத்திக் கவ்வுற அளவி) மாட்டுறவங்க மெயின் ஸ்விட்சுக்கு அப்புறம்தான் மாட்டணும். மீட்டர் பக்கம், சீல் பக்கம் கையே வைக்கக் கூடாது. த்ரீ ஃபேஸ் வீடுன்னா மூணு கிளாம்ப் வேணும், ஒண்ணு போட்டுட்டு "யூனிட் கம்மியாக் காட்டுது"ன்னு சந்தோஷப்படாதீங்க.

#10 வேளச்சேரி வாசி

ரொம்ப நன்றி எல்லாருக்கும். சிமிட்டலை எண்ணினேன், 45 வாட் சுத்தி வந்துது. அப்போ என் பிரச்சினை சும்மா இருக்கிற வீடு இல்ல, ஏசியும் ஃபேனும்தான்னு தோணுது. பழைய ஏசிக்கு ஸ்மார்ட் பிளக் போட்டு ராத்திரி மூணு மணிக்கு அணைக்கட்டுமா?

#11 ஈஎஸ்பி மன்னன்

பிளக்கால ஏசியை வெட்டாதீங்க ப்ரோ. கம்ப்ரசர் ஓடிட்டு இருக்கும்போது நேரா கரண்டைப் பிடுங்கிறது நல்ல பழக்கம் இல்ல. ஐஆர் பிளாஸ்டர்னு ஒரு சின்ன உருண்டை கிடைக்கும். ரிமோட் பண்ற வேலையை அது பண்ணும், ஏசி முறைப்படி நிக்கும். பழைய ஏசி எதுவா இருந்தாலும் ரிமோட் இருந்தாப் போதும்.

என்னோட செட்டிங்: படுக்கும்போது 25. ஒரு மணிக்கு 27, ஃபேன் நடுத்தர வேகம். நாலரைக்கு ஏசி ஆஃப், ஃபேன் மட்டும். கட்டில் உயரத்துல ஒரு டெம்பரேச்சர் சென்சார் வச்சிருக்கேன். ஏசிக்குள்ள இருக்கிற சென்சார் சீலிங் பக்கத்துக் காத்தை அளக்கும், நாம படுத்திருக்கிற இடம் அதுக்கு முன்னாடியே குளிர்ந்துரும். போர்வையை இழுத்துப் போர்த்திட்டு 20ல ஏசி ஓட்டுற வீடுகளை என்ன சொல்ல?

#12 கணக்குப்பிள்ளை

ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் ஒட்டிய அறை ஏசிகள் ஆன் செய்யும்போது 24ல்தான் தொடங்க வேண்டும் என்று விதி வந்ததும் இதனால்தான். வேளச்சேரி சார் எதில் ஓட்டுகிறார் என்று தெரியவில்லை. 22 என்றால் 26க்குப் போனாலே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ராத்திரிக்கு 5 யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் 300 யூனிட் ஏசிக்கு மட்டும். அதில் 60 போல மிச்சம்.

ஃபேன் கணக்கு இன்னும் சுலபம். சாதா ஃபேன் 75 வாட், பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்த ஃபேன்) 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் வித்தியாசம். மூன்று ஃபேன் மாற்றினால் 97. ஆக 640லிருந்து 483. 500 என்ற கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டீர்கள். ஃபேன் ஒன்று மூவாயிரம் ஒட்டி வரும், மூன்றுக்கு ஒன்பதாயிரம், பிளாஸ்டருக்கு ஆயிரத்து சொச்சம். இதில் ஸ்மார்ட் என்று சொல்லத்தக்கது அந்த உருண்டை ஒன்றுதான்.

வைஃபை வைத்த பிஎல்டிசிக்கு ஆயிரம் கூடுதலாகக் கேட்பார்கள். ரிமோட் மாடல் போதும்.

#13 அசோசியேஷன் செயலாளர்

அபார்ட்மென்ட் பொதுச் சர்வீஸ் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கேதான் ஆட்டோமேஷன் சீக்கிரம் காசைத் திருப்பித் தரும். பொது மீட்டருக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது, படிப்படியான விகிதமும் கிடையாது. 2022 மாற்றத்தில் யூனிட்டுக்கு நேராக 8 ரூபாய் ஆக்கினார்கள். 2023 அக்டோபரில் லிஃப்ட் இல்லாத, பத்து வீடும் மூன்று மாடியும் மிகாத சின்ன கட்டடங்களுக்கு மட்டும் 5.50 ஆகக் குறைத்தார்கள். எங்களுக்கு லிஃப்ட் உண்டு, அதனால் அந்தச் சலுகை இல்லை.

நாங்கள் செய்தது: படிக்கட்டிலும் பார்க்கிங்கிலும் மோஷன் சென்சார் லைட், வெளி விளக்குகளுக்கு சூரியன் மறைவதைப் பார்த்து எரியும் டைமர், இரண்டு மோட்டாருக்கும் லெவல் கன்ட்ரோலர். முன்பு வாட்ச்மேன் காலை எட்டு மணிக்குத்தான் கேட் லைட்டை அணைப்பார், ஞாயிறு என்றால் அதுவும் இல்லை. பொதுக்குழுவில் "இதுக்கெல்லாம் எதுக்குச் செலவு" என்று எழுந்தவர்கள் அடுத்த பில் வந்ததும் உட்கார்ந்துவிட்டார்கள்.

மோஷன் சென்சாரில் ஒரு தொல்லை: நேரத்தை முப்பது வினாடி வைத்தால் வயதானவர்கள் பாதிப் படியில் இருக்கும்போது இருட்டாகிவிடும். இரண்டு நிமிடம் வையுங்கள். அதற்காகும் கரண்ட் ஒன்றுமே இல்லை.

#14 வாடகை வீட்டான்

நான் குடியிருக்கிற வீட்டுல சப் மீட்டர். ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபா வாங்குறார். 500 கோடு கதை எனக்குப் பொருந்துமா?

#15 கணக்குப்பிள்ளை

பொருந்தாது. உங்களுக்கு முதல் யூனிட்டிலிருந்தே ஒன்பது. எங்கே குறைத்தாலும் ஒரே மிச்சம். ஃபேன் மாற்றினால் வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போங்கள், பழைய ஃபேனைப் பத்திரமாக வைத்திருந்து திரும்ப மாட்டிக் கொடுத்துவிடுங்கள்.

#16 நெல்லை அக்கா

ஃபிரிட்ஜைப் பத்தி ஒண்ணு. ஈஎஸ்பி தம்பி சொன்ன மாதிரி பிளக்கை ஒரு வாரம் மாட்டிப் பார்த்தேன். ஆப்ல வரைபடம் வருதுல்லா, இன்வெர்ட்டர் இல்லாத நல்ல ஃபிரிட்ஜ்னா கம்ப்ரசர் கொஞ்ச நேரம் ஓடி கொஞ்ச நேரம் நிக்கும், பல்லு பல்லா தெரியும். எங்களுதுல பல்லே இல்ல, நெடுக ஒரே கோடு. கதவு ரப்பர் கீழ் மூலையில விட்டுப் போயிருந்துச்சு. ஒரு ரூபா நோட்டைக் கதவிடுக்குல வச்சு மூடி இழுத்தா சுளுவா உருவிட்டு வந்துச்சு. ரப்பர் மாத்தினதும் மறுபடி பல்லு முளைச்சிருச்சு! இந்தச் சாமானால நான் கண்ட பலன் இதுதான்.

பார்த்து முடிச்சதும் பிளக்கைக் கழட்டிருங்க. ஃபிரிட்ஜை டைமர்ல ஓட்டலாம்னு யாராவது யோசிச்சா, தயிரும் மீனும் அவங்க தலையில.

#17 கோவைக் குசும்பு

இதெல்லாம் இன்னிக்கு நிலவரமுங்க. வீட்டுக்கு ஸ்மார்ட் மீட்டர் வந்து, நேரத்துக்கு ஒரு ரேட்டுனு வந்தா ஆட்டமே மாறிரும். தி.நகர்ல ஒரு லட்சத்துக்கு மேல ஸ்மார்ட் மீட்டர் மாட்டியாச்சு. 2023ல மத்திய அரசு நுகர்வோர் உரிமை விதியைத் திருத்தி, பகல்ல சூரிய ஒளி கிடைக்கிற நேரத்துக்குக் குறைஞ்ச கட்டணம், உச்ச நேரத்துக்குக் கூடுதல்னு சொல்லிருச்சு. விவசாயம் தவிர மத்தவங்களுக்கு 2025 ஏப்ரல்னு தேதியும் போட்டிருந்துச்சு. மாநில ஒழுங்குமுறை ஆணையம் கட்டண ஆணையில சேர்த்தாத்தான் நம்ம பில்லுக்கு வரும். அப்படி வந்தா மோட்டார், வாஷிங் மெஷின், கீசர் மூணையும் பகலுக்குத் தள்ள டைமர் கட்டாயமாயிரும். அப்பப் பேசலாமுங்க 38 ஆயிரத்தைப் பத்தி.

#18 மதுரை வயர்மேன்

கீசர் டைமர் இப்பவே போடலாம். 15 லிட்டரைக் குழாய்த் தண்ணிச் சூட்டுலருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலதான் ஆகும், 2 கிலோவாட்ல பதினேழு பதினெட்டு நிமிஷம். பகல் பூரா ஆன்ல விட்டா ஆறின சூட்டை மறுபடி மறுபடி ஏத்திக்கிட்டே இருக்கும். ரெண்டு பேர் அடுத்தடுத்துக் குளிக்கிற வீட்டுல காலைல ஒரு அரை மணி நேரம் போதும். வாளில பிடிச்சுக் குளிச்சா இன்னும் கம்மி.

#19 ஈஎஸ்பி மன்னன்

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். எது வாங்கினாலும் இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யுமான்னு பாருங்க. நெட் போனா டைமர் ஓடாத பிளக்கெல்லாம் இருக்கு. கரண்ட் போய் வந்ததும் எந்த நிலைக்கு வரும்னு ஆப்ல ஒரு செட்டிங் இருக்கும். கீசர், மோட்டாருக்கு "ஆஃப்"னு வைங்க. இல்லன்னா ஊருக்குப் போயிருக்கும்போது கரண்ட் வந்து மோட்டார் தானா ஓடும். நான் எல்லாத்தையும் வீட்டுக்குள்ளயே ஹோம் அசிஸ்டண்ட்ங்கிற சாஃப்ட்வேர்ல ஓட்டுறேன், ஆனா அதுக்கு நேரமும் பைத்தியமும் வேணும். அதை ஓட்டுற குட்டி கம்ப்யூட்டரே நாள் பூரா 6 வாட் தின்னுது, அதையும் கணக்குல சேர்த்துக்கணும். :)

#20 வேளச்சேரி வாசி

கொட்டேஷன் கொடுத்தவர்கிட்ட வேண்டாம்னு சொல்லியாச்சு. ஹாலுக்கும் ரெண்டு பெட்ரூமுக்கும் பிஎல்டிசி ஃபேன், ஒரு ஐஆர் பிளாஸ்டர், ஒரு 16 ஆம்ப்ஸ் பிளக் வாங்கிட்டேன். ஏசி 22லதான் ஓடிட்டு இருந்தது, கணக்குப்பிள்ளை சார் எப்படிக் கண்டுபிடிச்சார்னு தெரியல. வீட்டம்மா 26க்கு ஒத்துக்கல, 25ல பேச்சுவார்த்தை முடிஞ்சது.

ஒரு சந்தேகம். பிளாஸ்டர் ஆப்ல என் ஏசி பிராண்ட் இருக்கு, ஆனா ஆன் ஆஃப் மட்டும் வேலை செய்யுது, டெம்பரேச்சர் மாற மாட்டேங்குது.

#21 ஈஎஸ்பி மன்னன்

அதே பிராண்டுக்குக் கீழ நாலஞ்சு ரிமோட் கோடு இருக்கும், ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க. எதுவும் பிடிக்கலன்னா "லேர்ன்" மோடுக்குப் போங்க. ஏசி ரிமோட் ஒவ்வொரு அமுக்குக்கும் மோடு, டெம்பரேச்சர், ஃபேன் வேகம் எல்லாத்தையும் ஒரே மூட்டையா அனுப்பும். அதனால "பிளஸ்", "மைனஸ்" பட்டனைக் கத்துக்கொடுத்துப் பிரயோஜனம் இல்ல. ரிமோட்ல முதல்ல 24 வச்சுக்கிட்டு, பிளாஸ்டர் பக்கம் காட்டி ஒரு தடவை கூட்டி 25 ஆக்குங்க. அதை "25"னு சேமிங்க. அதே மாதிரி 27, ஆஃப். மூணு கட்டளை போதும், ராத்திரிக்கு வேற எதுவும் வேண்டாம்.

#22 வேளச்சேரி வாசி

வேலை செய்யுது ப்ரோ. 25, 27, ஆஃப் மூணும் ஏத்தியாச்சு. ரீடிங் எடுக்க வந்ததும் எண்ணை இங்கயே போடறேன்.